அயல்நாட்டு வானில் ஒரு விமானி

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து தெற்கே சென்றால், பாடாலூர் என்னும் ஊரை அடையலாம். சுற்றிலும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் நிலங்கள். அந்நிலங்களில் களை எடுப்போர், தலைக்கு மேல் எழும் இரைச்சலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தால், தெற்கு நோக்கித் தாழ்ந்து செல்லும் விமானத்தைக் காண்பர். திருச்சிராப்பள்ளி விமான நிலையம் அங்கிருந்து வான்வழியே 40 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலேதான் உள்ளது. பேருந்துக்கு ஒரு மணி நேரம் தேவைப்படும் வழியை விமானம் சில நிமிடங்களில் கடந்துவிடும்.

அவ்விமானத்தில் வருவோர் யாவர்? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துப் பொருள் ஈட்டி, விடுமுறைக்கு வீடு திரும்புவோர் அவருள் பலர். பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் இவ்வாறு வெளிநாடு சென்றவர் இல்லாத ஊரைக் காண்பது அரிது. மாணவர்களே, உங்கள் அண்ணனோ சிற்றப்பாவோ அவருள் ஒருவராக இருக்கலாம். அவருக்குக் கடவுச்சீட்டும் வேலைக்கான இசைவுச் சீட்டும் வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அவரைச் சுமந்து வரும் விமானத்தின் முன்னறையில் அமர்ந்திருப்பவரும் வேற்றுநாட்டில் வேலை பார்ப்பவராகவே இருக்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாட்டில் பிறந்து பயின்ற விமானி, மற்றொரு நாட்டின் விமானத்தை எவ்வாறு ஓட்டுகிறார்? அவரை அந்நாடு எவ்வாறு நம்புகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

வேற்றுநாட்டு விமானி என்பவர் தமிழ்நாட்டிற்குப் புதியவர் அல்லர். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் டாட்டா நிறுவனத்தின் விமான அஞ்சல் தொடங்கியது. கராச்சியிலிருந்து பம்பாய் வரையில் அஞ்சற் பைகளைக் கொண்டுவந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. பம்பாயில் அவற்றைப் பெற்றுக்கொண்டு, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்ட்சென்ட் என்பவர். அவர் முன்னர்ப் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர். இந்தியாவில் விமானத் தொழில் வளரும் என்று நம்பி இங்கு வந்தவர். அக்காலத்தில் இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தமையால் அவருக்கு இங்குப் பெருந்தடை ஏதும் இருந்திராது. நாடுகள் விடுதலை பெற்றுத் தத்தம் வானத்தைத் தாமே ஆளத் தொடங்கிய பின்னர், ஒரு நாட்டு விமானி மறுநாட்டில் பணிபுரிவதற்குத் தெளிவான பொதுவிதிகள் தேவையாயின.

அவ்விதிகளுக்கு அடிப்படையாய் அமைந்தது, 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையாகும். அதன் வழியே பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தோன்றி, 1947-இல் முறையாகச் செயற்படத் தொடங்கியது. அதன் தலைமையகம் கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் உள்ளது. இன்று 193 நாடுகள் அதில் உறுப்பு வகிக்கின்றன.

சிகாகோ உடன்படிக்கை கூறும் முதன்மையான கருத்துகளுள் ஒன்று, ஒவ்வொரு விமானத்திற்கும் ஒரு நாடு உண்டு என்பதாகும். எந்த நாட்டில் அது பதிவு செய்யப்பட்டுள்ளதோ அந்த நாடே அதன் தாயகம். விமானத்தின் உடலில் பெரிய எழுத்துகளால் அக்குறி தீட்டப்பட்டிருக்கும். இந்திய விமானமாயின் ‘வி.டி.’ என்றும், சிங்கப்பூர் விமானமாயின் ‘9வி’ என்றும், மலேசிய விமானமாயின் ‘9எம்’ என்றும், இலங்கை விமானமாயின் ‘4ஆர்’ என்றும் அக்குறி தொடங்கும். விமானத்தைப் பதிவு செய்த நாடு வழங்கிய உரிமமோ, அந்நாடு செல்லும் என ஏற்றுக்கொண்ட உரிமமோ உடையவரே பன்னாட்டு வழித்தடத்தில் அவ்விமானத்தை ஓட்டலாம். விமானி எந்நாட்டில் பிறந்தார் என்பது இங்குக் கேள்வி அன்று. அவர் கையிலுள்ள உரிமம் அந்த விமானத்தின் நாட்டிற்கு ஏற்புடையதா என்பதே கேள்வியாகும். இந்திய உரிமம் பெற்ற ஒருவர், இந்திய விமானத்தைச் சிங்கப்பூருக்கு ஓட்டிச் சென்று திரும்பலாம். ஆனால் அதே வகையைச் சேர்ந்த சிங்கப்பூர் விமானத்தில் அவர் அந்த உரிமத்தை மட்டும் காட்டி ஓட்டுநர் இருக்கையில் அமர முடியாது.

இதனை நன்கு விளங்கிக்கொள்ள, ஒரு விமானி எவ்வாறு உருவாகிறார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். பள்ளியில் கணிதமும் இயற்பியலும் அவருக்கு அடித்தளமாகும். பிறகு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, வானிலையியல், வழிகாணும் கலை, விமானச் சட்டம், எந்திர அறிவு ஆகியவற்றைக் கற்கிறார். சிறு விமானத்தில் ஆசிரியருடன் பறந்து பழகிப் பின் தனியே பறக்கிறார். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். பெரிய பயணிகள் விமானத்திற்குத் தலைமை ஏற்கத் தகுதி தரும் உயர்ந்த உரிமத்திற்கோ 1500 மணி நேரம் வேண்டும். மேலும், ஒருவகை விமானத்தில் தேர்ந்தவர் மற்றொரு வகை விமானத்தை அப்படியே ஓட்டிவிட இயலாது. ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சியும் தனித் தேர்வும் உண்டு. கண், செவி, இதயம், குருதி முதலியவை செவ்வையாக உள்ளனவா என ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவர் ஆய்வு செய்வர். அந்த ஆய்வில் தவறினால், எத்துணை அனுபவம் இருப்பினும் அவர் விமானத்தை ஓட்டலாகாது.

இத்தனையும் முடித்துப் பல்லாண்டு பணியாற்றிய இந்திய விமானி ஒருவரை அயல்நாட்டு விமான நிறுவனம் ஒன்று பணிக்கு அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்டு அதிகாரிகள் முதலில் இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்திற்கு எழுதி, இவருடைய உரிமம் மெய்யானதுதானா என்று கேட்டறிவர். அடுத்துத் தம் மருத்துவரைக் கொண்டு உடலை ஆய்வர். தம் நாட்டு விமானச் சட்டத்தில் தேர்வு வைப்பர். பின்னர் ‘சிமுலேட்டர்’ எனப்படும் பயிற்சிக் கூண்டில் அமர்த்துவர். அது தரையை விட்டு எழாது. ஆயினும் உள்ளே இருப்பவருக்கு வானில் பறப்பது போலவே தோன்றும். அதில் ஓர் எந்திரம் திடீரென நிற்கும். புகை எழுந்ததாக எச்சரிக்கை ஒலிக்கும். ஓடுபாதை மூடுபனியில் மறையும். அந்நேரங்களில் அவர் என்ன செய்கிறார் என்பதைத் தேர்வாளர் பின்னால் அமர்ந்து குறித்துக்கொள்வார். இவற்றில் தேறிய பின்னரும், பயணிகளுடன் பறக்கும் முதற்பயணங்களில் பயிற்சியாளர் ஒருவர் அருகில் இருப்பார்.

சில நாடுகள் அயல்நாட்டு உரிமத்தைக் குறித்த காலத்திற்கு மட்டும் செல்லும் என ஏற்று ஒப்புதல் அளிக்கின்றன. வேறு சில நாடுகள், தம் தேர்வுகள் அனைத்தையும் எழுதித் தம் உரிமத்தையே பெறுமாறு கேட்கின்றன. இந்தியாவும் இம்முறைக்கு விலக்கன்று. 2000-ஆம் ஆண்டிற்குப் பின் நம் நாட்டில் விமானச் சேவை விரைந்து வளர்ந்தது. தலைமை விமானிகள் போதவில்லை. அப்பொழுது பல நாடுகளிலிருந்து விமானிகள் இங்கு வரவழைக்கப்பட்டனர். அவர்களும் தற்காலிக ஒப்புதல் பெற்ற பின்னரே இங்குப் பறந்தனர்.

ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த ஒருவரை மீண்டும் மாணவரைப்போல் தேர்வெழுதச் செய்வது வீண் அலைச்சல் அன்றோ என்று சிலர் நினைக்கலாம். அஃது அவ்வாறன்று. காற்று எல்லா நாட்டிலும் ஒன்றே எனினும், அதை அளக்கும் முறை எல்லா நாட்டிலும் ஒன்றன்று. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

விமானத்தின் உயரமானி, காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டுகிறது. நிலையத்தின் அன்றைய காற்றழுத்தம் எவ்வளவு என்பதைக் கட்டுப்பாட்டு அதிகாரி வானொலியில் அறிவிப்பார். விமானி அவ்வெண்ணை உயரமானியில் பொருத்துவார். இந்தியாவிலும் உலகின் மிகப் பல நாடுகளிலும் அழுத்தம் ஹெக்டோபாஸ்கல் என்னும் அலகால் கூறப்படுகிறது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளிலோ பாதரச அங்குலத்தால் கூறப்படுகிறது. இரு வகை நாடுகளிலும் எண்களை ஒவ்வோர் இலக்கமாகவே சொல்வர். ஓரிடத்தில் அழுத்தம் 992 ஹெக்டோபாஸ்கல் என்று அதிகாரி அறிவிக்கிறார். அங்குலக் கணக்கில் பழகிய விமானி, களைப்பினால் அதனை 29.92 அங்குலம் என்று கொண்டுவிடுகிறார். 29.92 அங்குலம் என்பது 1013 ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம். இரண்டிற்கும் இடையே 21 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு. கடல்மட்டத்தை அடுத்த காற்றில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி உயரம் என்பது கணக்கு. ஆகவே, உயரமானி உண்மையைவிடச் சற்றேறக் குறைய 600 அடி மிகுதியாகக் காட்டும். தாம் 600 அடி உயரத்தில் இருப்பதாக விமானி எண்ணிக்கொண்டிருக்க, விமானமோ தரையை ஒட்டிவிடும். ஒரு சொல்லைத் தவறாகக் கொண்டதன் விளைவு எத்தகையது என்று பாருங்கள்!

மேலும், உலகின் பெரும்பகுதியில் உயரத்தை அடியால் அளக்க, சீனா போன்ற நாடுகளில் மீட்டரால் அளக்கின்றனர். புதிய நாட்டிற்குச் செல்லும் விமானி, தம் பழைய பழக்கத்தையே முதலில் எதிர்த்து நிற்க வேண்டியவராகிறார். அறியாதவனுக்கு ஐயம் எழும். பழகியவனுக்கு ஐயமே எழாது. ஆதலின், அனுபவம் மிக்கவரையும் மீண்டும் தேர்வுக்கு உட்படுத்துவது அவருக்கு இழிவன்று, பயணிகளுக்குக் காவலாகும்.

அளவை போலவே மொழியும் பெரிதும் கருதத்தக்கது. பல நாட்டு விமானிகளும் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் ஒருவரோடொருவர் பேசுவதற்குப் பொதுமொழியாக ஆங்கிலம் பயன்படுகிறது. அதுவும் வீட்டிலும் கடையிலும் பேசும் ஆங்கிலம் அன்று. பொருள் பிறழாதபடி தேர்ந்தெடுத்த சொற்களால் ஆகியது. எழுத்துகளை ‘ஆல்ஃபா’, ‘பிராவோ’, ‘சார்லி’ என்று சொற்களால் குறிப்பர். அதிகாரி இடும் கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறிருந்தால் அதிகாரி உடனே திருத்துவார்.

இத்துணைக் கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதை இரு கொடிய விபத்துகள் உணர்த்தும். 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டிற்குரிய தெனரீஃபித் தீவில், டச்சு விமானம் ஒன்று மூடுபனியினூடே ஓடுபாதையில் விரைந்தது. தாம் கிளம்புகிறோம் என்னும் பொருளில் அதன் துணை விமானி கூறிய சொற்களை, கிளம்புவதற்காகக் காத்து நிற்கிறோம் எனக் கட்டுப்பாட்டு அதிகாரி கொண்டுவிட்டார். அதே ஓடுபாதையில் அமெரிக்க விமானம் ஒன்று இன்னும் விலகாமல் இருந்தது. அது விலகிவிட்டதா என்று டச்சு விமானத்தின் பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். பெரும்புகழ் பெற்றவராகிய தலைமை விமானி அந்த ஐயத்தைப் பொருட்படுத்தவில்லை. விமானங்கள் மோதின, 583 பேர் உயிர் துறந்தனர். அதற்குப் பின்னர், ‘டேக் ஆஃப்’ என்னும் சொல்லை, கிளம்புவதற்கு அனுமதி வழங்கும்பொழுதோ அதனை நீக்கும்பொழுதோ அன்றி வேறெப்பொழுதும் வானொலியில் சொல்லலாகாது என்னும் வழக்கம் உறுதிப்பட்டது.

இரண்டாவது விபத்து நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மாலை, டில்லியிலிருந்து சவூதி அரேபிய விமானம் ஒன்று கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. எதிர்த்திசையில் கஜகஸ்தான் நாட்டு விமானம் ஒன்று டில்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. சவூதி விமானம் 14,000 அடியிலும், கஜகஸ்தான் விமானம் 15,000 அடியிலும் நிற்குமாறு அதிகாரி ஆணையிட்டிருந்தார். கஜகஸ்தான் விமானமோ 15,000 அடியில் நில்லாமல் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு அருகே இரண்டும் வானிலேயே மோதின. 349 பேர் மாண்டனர்; ஒருவரும் பிழைத்திலர். சவூதி விமானத்தில் இருந்தவருள் பெரும்பாலோர் இந்தியர். பிழைப்பிற்காகக் கடல் கடந்து சென்ற எளிய உழைப்பாளர் பலர் அவருள் இருந்தனர். நீதிபதி லகோட்டி தலைமையில் நடந்த விசாரணை, ஆணையிட்ட உயரத்தைக் கஜகஸ்தான் விமானம் காக்கத் தவறியதே விபத்திற்குக் காரணம் என்று கண்டது. அவ்விமானத்தினரின் ஆங்கிலப் பயிற்சி போதாமையும் சுட்டிக் காட்டப்பட்டது.

இத்தகைய விபத்துகளிலிருந்து உலகம் பாடம் கற்றது. பன்னாட்டு வானில் பறக்கும் விமானிகள் ஆங்கிலத்தில் பேசவும் கேட்டுணரவும் வல்லவரா என்று தேர்வு வைத்து, அதனை உரிமத்திலேயே குறிக்க வேண்டும் என்னும் விதி 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு படிகள் கொண்ட அத்தேர்வில் நான்காம் படியையேனும் எட்டியவரே பன்னாட்டு வழித்தடங்களில் பறக்கலாம். நான்காம் படியில் நிற்பவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் தேர்வெழுத வேண்டும்.

மற்றொரு பாடமும் கற்றுக்கொள்ளப்பட்டது. விமானத்தின் முன்னறையில் ஒரு நாட்டைச் சேர்ந்த தலைமை விமானியும், வேறொரு நாட்டைச் சேர்ந்த இளைய துணை விமானியும் அமர்ந்திருக்கலாம். மூத்தோர் சொல்லை மறுத்துப் பேசுதல் பண்பன்று என்று நாம் வளர்க்கப்படுகிறோம். வேறு பல நாட்டினரும் அவ்வாறே வளர்கின்றனர். ஆனால், மூத்தவர் தவறும்பொழுது இளையவர் வாய்மூடி இருந்தால், பின்னால் அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானோரின் உயிர் போகும். ஆதலின், தவறு கண்டவிடத்து இளையவர் தெளிவாகவும் பணிவாகவும் அதனைச் சொல்லவும், மூத்தவர் சினமின்றி அதனைக் கேட்கவும் விமானிகளுக்குப் பயிற்சி தரப்படுகிறது. பிறநாட்டிற்குச் செல்லும் விமானி கற்க வேண்டிய கலைகளுள் அரியது இதுவே.

அயல்நாட்டு விமானியின் ஊதியம் பெரியது. உலகைச் சுற்றும் வாய்ப்பும் அவருக்கு உண்டு. எனினும் அவர் வாழ்க்கையில் இன்னல்களும் இல்லாமல் இல்லை. நள்ளிரவில் வேலை தொடங்கும். விடியும்பொழுது வேறொரு நாட்டில் இருப்பார். உறக்கமும் உணவும் நிலை மாறும். பொங்கலும் தீபாவளியும் விடுதி அறையில் கழியும். அவருடைய வேலைக்கும், அந்நாட்டில் தங்கும் உரிமைக்கும் ஒன்றோடொன்று தொடர்புண்டு. வேலை போனால் தங்கும் உரிமையும் நெடுநாள் நில்லாது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவி விமானங்கள் நின்றபொழுது, பல நாடுகளில் விமானிகள் பெருந்தொகையினராக வேலை இழந்தனர். அவருள் அயல்நாட்டார் பலர், வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்துடன் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. கட்டட வேலைக்குச் சென்ற பாடாலூர் இளைஞரும், விமானத்தை ஓட்டிய தலைமை விமானியும் அந்நாளில் ஒரே நிலையில் நின்றனர்.

அவருக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. வேற்றுநாட்டில் அவருடைய உரிமம் மதிக்கப்படுவது, அதை வழங்கிய தாய்நாட்டின் நேர்மையை நம்பியே ஆகும். 2011-ஆம் ஆண்டில் இந்தியாவில் பொய்ச் சான்றுகளைக் காட்டி உரிமம் பெற்ற சிலர் கண்டுபிடிக்கப்பட்டனர். 2020-ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் வழங்கப்பட்ட உரிமங்கள் சிலவற்றைப் பற்றி ஐயம் எழுந்தபொழுது, வியத்நாம், மலேசியா ஆகிய நாடுகளில் பணியாற்றிய அந்நாட்டு விமானிகள் பறக்கலாகாது என நிறுத்தி வைக்கப்பட்டனர். நேர்மையாகப் பயின்றவரும் அவர்களோடு சேர்ந்து துன்புற்றனர். தேர்வில் ஒருவர் செய்யும் சூது, தொலைநாட்டில் உழைக்கும் தம் நாட்டார் அனைவருடைய பிழைப்பையும் கெடுக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மீண்டும் பாடாலூருக்கு வருவோம். இறங்க வரும் விமானம், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 50 மீட்டர் வீதம் தாழ்வது வழக்கம். 40 கிலோமீட்டர் தொலைவில் அது சற்றேறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம். உங்கள் தலைக்கு மேல் அது செல்லும் அந்த நேரத்தில், முன்னறையில் ஒருவர் திருச்சிராப்பள்ளியின் காற்றழுத்தத்தைக் கேட்டு, அதனைத் திருப்பிச் சொல்லி, உயரமானியில் பொருத்திக்கொண்டிருப்பார். அவருக்கு அருகில் இருப்பவர் அது சரிதானா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் எந்நாட்டினர், எம்மொழியினர் என்பதை நாம் அறியோம். பின்னிருக்கையில் உறங்கும் உங்கள் சிற்றப்பாவும் அறியார். எனினும் அவர் அச்சமின்றி உறங்குகிறார். பல நாட்டு அறிஞர்கள் கூடி வகுத்த விதிகளும், உயிரிழந்தோரால் உலகம் கற்ற பாடங்களும், மீண்டும் மீண்டும் தேர்வுக்கு உட்படத் தயங்காத இருவருடைய அடக்கமும் அவருடைய உறக்கத்தைக் காக்கின்றன.

மாணவர்களே, உங்களுள் சிலருக்கும் அந்த முன்னறையில் அமரும் விருப்பம் இருக்கலாம். கணிதத்தையும் இயற்பியலையும் கருத்தூன்றிப் பயிலுங்கள். ஆங்கிலத்தைத் தெளிவாகப் பேசப் பழகுங்கள். உடலை நோயின்றிப் பேணுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அறியாததை அறியேன் என்று சொல்லவும், பிழையைப் பிறர் சுட்டும்பொழுது நன்றியுடன் ஏற்கவும் இன்றே கற்றுக்கொள்ளுங்கள். எந்நாட்டுக்குச் சென்றாலும் விமானி தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டிய முதற்பொருள் அதுவே.